குமாஸ்தாவுக்கு விதி உண்டு, கடற்படைத் தளபதிக்கு இல்லை

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் ஒரு எல்.டி.சி. பதவி உயர்வு பெற்று யு.டி.சி. ஆக வேண்டும். அதற்கு என்னவெல்லாம் நடக்க வேண்டும்?

முதலில் அந்தப் பதவிக்கென்று நியமன விதிகள் இருக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 309ஆவது பிரிவின் கீழ் போட்டு, அரசிதழில் வெளியிட்ட விதிகள். எத்தனை வருஷ சர்வீஸ் வேண்டும், யார் யார் பரிசீலனைக்கு உரியவர்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். அடுத்து சீனியாரிட்டி லிஸ்ட். அதை எல்லோருக்கும் சுற்றுக்கு விட்டு, ஆட்சேபணை சொல்ல அவகாசம் தர வேண்டும். பிறகு டி.பி.சி. கூடும். பணி மதிப்பீட்டு அறிக்கைகளைப் பார்க்கும். முடிவை மினிட்ஸ் எழுதிக் கையெழுத்துப் போடும். விடுபட்டவர் மனு கொடுக்கலாம். அதிலும் நியாயம் கிடைக்கவில்லையா, 1985 முதல் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது.

பென்ஷனுக்கு வருமுன் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் பல வருஷம் இந்த ஃபைல்களோடுதான் குடித்தனம் நடத்தினேன். ஒரு கமா தப்பாக விழுந்தாலும் ஃபைல் திரும்பி வரும். அப்போது சலித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சலிப்புக்குப் பின்னால் ஒரு பெரிய நியாயம் இருந்தது. கடைசி மேஜையில் இருக்கும் குமாஸ்தாவும், "என்னை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்கலாம். பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்வி. அணுசக்தி நீர்மூழ்கிகளும் விமானந்தாங்கிக் கப்பல்களும் வைத்திருக்கும் இந்தியக் கடற்படைக்குத் தளபதி ஆக வேண்டுமானால் சட்டப்படி என்ன தகுதி வேண்டும்? யார் தேர்ந்தெடுக்க வேண்டும்? எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்? மூத்தவரை விட்டால் காரணம் சொல்ல வேண்டுமா?

1957ஆம் வருஷத்துக் கடற்படைச் சட்டத்தைத் தேடிப் பாருங்கள். தளபதிக்கு என்னென்ன அதிகாரம் என்று பல இடங்களில் வரும். அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரு வரி கிடையாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்த 'கமாண்டர் இன் சீஃப்' என்ற பதவிப் பெயரை மாற்ற 1955இல் நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டமே போட்டது. அதன்படிதான் இன்றைய 'சீஃப் ஆஃப் தி நேவல் ஸ்டாஃப்' என்ற பெயர். நாற்காலிக்குப் பெயர் வைக்கச் சட்டம் போட்டவர்கள், அதில் யார் உட்காருவது, எப்படி உட்காருவது என்று எழுத மறந்துவிட்டார்கள். மறந்தார்களா, வேண்டாம் என்று விட்டார்களா என்பது வேறு விஷயம்.

சரி, நடைமுறை என்ன? பாதுகாப்பு அமைச்சகம் பெயர்களை அனுப்பும். அமைச்சரவையின் நியமனக் குழு முடிவு செய்யும். அந்தக் குழுவில் இப்போது இருப்பவர்கள் இரண்டே பேர்: பிரதமர், உள்துறை அமைச்சர். பாதுகாப்பு அமைச்சர் அதில் உறுப்பினர்கூட இல்லை. பதவிக் காலம் மூன்று வருஷம் அல்லது 62 வயது, எது முந்துகிறதோ அது. இதுவும் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் இல்லை. அரசாங்கம் தானே போட்டுக்கொள்ளும் விதிதான். நாளைக்கே ஓர் அறிவிக்கையில் மாற்றிவிடலாம். முப்படைகளின் தலைமைத் தளபதி பதவி விஷயத்தில் 2022 ஜூனில் அப்படித்தான் மாற்றினார்கள். ஓய்வுபெற்ற மூன்று நட்சத்திர அதிகாரிகளும் 62 வயதுக்குள் இருந்தால் வரலாம் என்று விதியைத் திருத்தினார்கள். மூன்று மாதத்தில், அதற்கு முந்தைய வருஷம் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் அனில் சௌஹான் அந்தப் பதவிக்கு வந்தார். அவர் திறமையைப் பற்றி நான் பேசவில்லை. கதவை எப்போது வேண்டுமானாலும் அகலப்படுத்தலாம், குறுக்கலாம் என்பதைத்தான் சொல்கிறேன்.

எழுதாத விதியால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன். நம் வயதுக்காரர்களுக்கு எல்லாமே பேப்பரில் படித்த ஞாபகம் இருக்கும்.

முதலாவது, 1998 டிசம்பர் 30. கடற்படைத் தளபதி அட்மிரல் விஷ்ணு பகவத் பதவி நீக்கம் செய்யப்பட்டார். சுதந்திர இந்தியாவில் ஒரு படைத் தளபதி டிஸ்மிஸ் ஆனது அதுவே முதல் தடவை. துணைத் தளபதி நிலையில் வைஸ் அட்மிரல் ஹரீந்தர் சிங்கை நியமிக்கச் சொன்னது அரசு. முடியாது என்றார் தளபதி. யார் பக்கம் நியாயம் என்று அன்றைக்கு டீக்கடை வரை பேசினோம். என் கேள்வி அதுவல்ல. அரசியல் சாசனத்தின் 310ஆவது பிரிவும், கடற்படைச் சட்டத்தின் 15ஆவது பிரிவும் சொல்வது இதுதான்: கடற்படை அதிகாரி, குடியரசுத் தலைவர் விரும்பும் வரை பதவியில் இருப்பார். விருப்பம் போனால் பதவி போகும். சிவில் ஊழியர்களுக்கும் 310 பொருந்தும்தான். ஆனால் அவர்களுக்குப் பக்கத்திலேயே 311 என்ற கவசம் இருக்கிறது. குற்றச்சாட்டைச் சொல்லாமல், விசாரிக்காமல், பதில் கேட்காமல் டிஸ்மிஸ் செய்ய முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு, அவ்வளவே. ராணுவத்தாருக்கு 311 கிடையாது. ஆக, என் ஆபீஸில் தண்ணீர் எடுத்து வைத்த ப்யூனுக்கு இருந்த பாதுகாப்பு, நாட்டின் கடற்படைத் தளபதிக்கு இல்லை.

இரண்டாவது, 2014. அதற்கு முந்தைய ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்தில் சிந்துரக்‌ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2014 பிப்ரவரி 26 அன்று சிந்துரத்னாவில் தீ. இரண்டு அதிகாரிகள் பலி. அன்றே தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி தார்மிகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். அன்றே ஏற்றுக்கொண்டார்கள். நம் நாட்டில் அப்படிப் பொறுப்பேற்பவர்கள் அபூர்வம். அந்த மனிதருக்கு ஒரு வணக்கம். ஆனால் அடுத்த தளபதி முறைப்படி வந்தது ஏப்ரல் 17 அன்று. ஐம்பது நாள் கடற்படைக்கு முழுநேரத் தளபதி இல்லை. கடைசியில் வைஸ் அட்மிரல் ராபின் தோவன் நியமிக்கப்பட்டார். அவரைவிட மூத்தவரான மேற்குப் பிராந்தியத் தளபதி வைஸ் அட்மிரல் சேகர் சின்கா முன்கூட்டியே ஓய்வு பெற்றுக்கொண்டு போனார். விபத்துகள் அவர் பிராந்தியத்தில் நடந்தன, அதனால்தான் அவரை விட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அது நல்ல காரணமாகவே இருக்கலாம். அப்படியானால் அரசாங்கமே அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? நாற்பது வருஷம் கடலில் உழைத்தவர், தன்னை ஏன் விட்டார்கள் என்பதைப் பேப்பர் படித்தா தெரிந்துகொள்வது?

மூன்றாவது, 2019. மார்ச் 23 அன்று வைஸ் அட்மிரல் கரம்பீர் சிங் பெயரை அறிவித்தார்கள். அவரைவிட மூத்தவர், அந்தமான் நிக்கோபார் பிராந்தியத் தளபதி வைஸ் அட்மிரல் விமல் வர்மா. ஏன் என்று கேட்க அவர் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியிருந்தது. சீருடையில் இருக்கும் ஒரு பிராந்தியத் தளபதி, தன் படைக்கு வரப்போகிற தளபதியின் நியமனத்தை எதிர்த்து வழக்குப் போடுகிறார். கீழே இருக்கும் மாலுமி இதைப் பார்த்து என்ன நினைப்பான்?

இதைத்தான் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு முன்னாள் கடற்படைக்காரரிடம் கேட்டேன். பெட்டி ஆபீசராக இருந்து வந்தவர். பாளையங்கோட்டையில் காலை நடைக்கு அவர்தான் எனக்குத் துணை.

"அண்ணாச்சி, கப்பல்ல இருக்கவனுக்கு டெல்லில யாரு உக்காந்திருக்கான்னு கவலையே கிடையாது. ஆனா பெரியவங்க ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சா அது மெஸ் வரைக்கும் வந்துரும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. காரணம் சொல்லாத இடத்தில் வதந்திதான் காரணமாகும். இவர் இந்த மாநிலத்துக்காரர், அவர் அந்த மந்திரிக்கு வேண்டியவர், இவர் பேரம் பேசினார் என்று கதை கட்டுவார்கள். தேர்வானவர் உண்மையிலேயே தகுதியானவராக இருந்தாலும் அந்தக் கறை அவர்மேல் ஒட்டும். கரம்பீர் சிங் இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் ஹெலிகாப்டர் விமானி. அந்தப் பெருமையைப் பேச வேண்டிய வாரத்தில் நாடு வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

"அப்படியானால் சீனியாரிட்டியையே சட்டமாக்கிவிட்டால் தீர்ந்தது" என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சீனியாரிட்டி லிஸ்ட் போட்டே தலை நரைத்தவன் சொல்கிறேன், அதைப் போல ஏமாற்றும் காகிதம் வேறில்லை. வைஸ் அட்மிரலுக்கு ஓய்வு வயது 60. தளபதிக்கு 62 அல்லது மூன்று வருஷம். ஆகவே அடுத்த காலியிடம் எந்த மாதம் விழும், அன்றைக்கு யார் 60ஐத் தாண்டாமல் இருப்பார் என்று பல வருஷம் முன்பே விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு மாதம் முன்னே பிறந்ததால் வாய்ப்பு போனவர்கள் உண்டு. சீனியாரிட்டி மட்டும் என்றால், தேர்ந்தெடுப்பது அரசும் இல்லை, அனுபவமும் இல்லை; பிறந்த தேதி. அதற்கு ஜோசியர் போதுமே!

அமெரிக்காவில் 1970இல் எல்மோ ஜும்வால்ட் என்பவரைப் பல மூத்தவர்களைத் தாண்டிக் கடற்படைத் தலைவராக்கினார்கள். வயது 49. அந்தப் பதவிக்கு வந்தவர்களிலேயே அவர்தான் இளையவர். அப்படித் தாண்டுவது தப்பே இல்லை. ஆனால் அங்கே ஜனாதிபதி பெயர் சொன்னால் போதாது. செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். பதவிக் காலம் நான்கு வருஷம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அவர்களுடைய கடலோரக் காவல் படைத் தலைவர் பதவிக்கும் அப்படியே: கேப்டன் நிலைக்கு மேலே இருக்க வேண்டும், அதிகாரியாகப் பத்து வருஷமாவது பணி செய்திருக்க வேண்டும், செனட் சம்மதம் வேண்டும், நான்கு வருஷம்.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. 2025 ஜனவரியில் அந்தக் கடலோரக் காவல் படைத் தலைவர் அட்மிரல் லிண்டா ஃபேகனையும், பிப்ரவரியில் கடற்படைத் தலைவர் அட்மிரல் லிசா ஃபிரான்செட்டியையும் நான்கு வருஷம் முடியுமுன்பே வீட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே வரும் வாசலுக்குக் காவல் போட்டவர்கள், வெளியே அனுப்பும் வாசலைத் திறந்து போட்டுவிட்டார்கள். நாம் சட்டம் எழுதினால் இரண்டு வாசலுக்கும் சேர்த்து எழுத வேண்டும் என்பதற்கு இது பாடம்.

பக்கத்து வீட்டில் இன்னொரு பாடம். பாகிஸ்தானில் 2019 நவம்பரில் ராணுவத் தளபதி பாஜ்வாவின் பதவி நீட்டிப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்திக் கேள்வி கேட்டது. பார்த்தால், பதவிக் காலம் பற்றி அங்கேயும் சட்டத்தில் ஒன்றும் இல்லை. ஆறு மாதத்தில் சட்டம் இயற்றுங்கள் என்றது நீதிமன்றம். 2020 ஜனவரியில் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் சட்டத்தைத் திருத்தினார்கள். எதற்கு? 64 வயது வரை நீட்டிப்புக் கொடுக்க. 2024 நவம்பரில் மறுபடி திருத்தி, மூன்று வருஷத்தை ஐந்து ஆக்கினார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை. ஆகவே சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அது ஆளுக்காக எழுதப்படக் கூடாது. ஆள் யாரென்று தெரியாதபோதே எழுதிவைக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. மாநில டி.ஜி.பி. பதவிக்கு, யு.பி.எஸ்.சி. தரும் மூன்று மூத்த அதிகாரிகள் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும், குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநில அரசுகள் அதை எப்படியெல்லாம் வளைக்கின்றன என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் வளைப்பதற்கு ஒரு கோடாவது இருக்கிறது. சி.பி.ஐ. இயக்குநருக்குச் சட்டமே இருக்கிறது: பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி அல்லது அவர் சொல்லும் நீதிபதி சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டு வருஷத்துக்குள் மாற்ற வேண்டுமானால் அதே குழு சம்மதிக்க வேண்டும். கேஸ் பிடிக்கும் இலாகாவின் தலைவருக்கு இவ்வளவு. கடலைக் காக்கும் படையின் தலைவருக்கு ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால் இரண்டு பக்கச் சட்டம் போதும். நியமன விதி எழுதிப் பழகிய கை. நானே வரைவு சொல்கிறேன்.

முதலில், பிராந்தியத் தளபதிகள், துணைத் தளபதி ஆகியோரிலிருந்து குறைந்தது மூன்று பேரைப் பரிசீலிக்க வேண்டும். தேர்வுக் குழுவில் பாதுகாப்பு அமைச்சர் கட்டாயம் இருக்க வேண்டும். எதிர்க்கட்சித் தலைவரைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அட்மிரல்கள் இரண்டு கட்சி ஆபீஸ் வாசலிலும் நிற்கும் நிலை வரக் கூடாது.

அடுத்து, காலியிடம் விழ 60 நாள் இருக்கும்போதே பெயரை அறிவிக்க வேண்டும். 2019இல் இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. 2024இல் ஏப்ரல் 30 அன்று பொறுப்பேற்க வேண்டியவருக்கு அறிவிப்பு வந்தது ஏப்ரல் 18 அன்று. ஒரு தடவை இரண்டு மாதம், ஒரு தடவை பன்னிரண்டு நாள். கல்யாணப் பத்திரிகையைக்கூட நாம் இப்படி அடிப்பதில்லை.

மூன்றாவது, வயது எதுவானாலும் முழு மூன்று வருஷம், நீட்டிப்பு கிடையாது. தோவன் 25 மாதம், லாம்பா 36, கரம்பீர் சிங் 30, ஹரிகுமார் 29 மாதம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. விக்ராந்த் கப்பலுக்கு 2009இல் அடித்தளம் போட்டு, 2022 செப்டம்பரில் படையில் சேர்ப்பதற்குள் ஏழு தளபதிகள் வந்துவிட்டார்கள். ஒரு கப்பலையாவது ஆரம்பம் முதல் பாதி வரை பார்க்க ஒருவருக்கு நேரம் வேண்டாமா?

நான்காவதுதான் முக்கியம். மூத்தவரைத் தாண்டினால் காரணத்தை எழுத வேண்டும். அவருக்கு ஒரு பிரதி, நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவுக்கு ஒரு பிரதி. பதவி நீக்கினாலும் அப்படியே. முப்பது நாளுக்குள் காரணத்தை அவை முன் வைக்க வேண்டும்.

இதற்கு வரும் ஆட்சேபணைகள் எனக்குத் தெரியும். "படைத் தளபதி அரசுக்குக் கட்டுப்பட்டவர், அரசின் கையைக் கட்டலாமா?" என்பார்கள். கையைக் கட்டவில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமையும் நீக்கும் உரிமையும் அரசிடமே இருக்கும். அக்கம்பக்கத்து நாடுகளைப் பார்த்தவர்கள் யாரும் அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டார்கள். கையெழுத்துப் போடும் கை, மேலே ஒரு பாராவும் எழுதட்டும் என்கிறேன். "ரகசியம் வெளியாகும்" என்பார்கள். யாரும் சர்வீஸ் ரெக்கார்டைச் சந்தையில் விரிக்கச் சொல்லவில்லை. நிலைக்குழு மூடிய அறையில் கூடட்டும். "சட்டம் வந்தால் எல்லோரும் கோர்ட்டுக்குப் போவார்கள்" என்பார்கள். இப்போது போகாமலா இருக்கிறார்கள்? விதி எழுதியிருந்தால் வழக்கு ஒரு நாளில் முடியும். எழுதாததால்தான் இழுக்கிறது.

1973இல் மூன்று நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராயைத் தலைமை நீதிபதி ஆக்கியபோதும், 1977இல் எச்.ஆர். கன்னாவைத் தாண்டியபோதும் நாடே கொதித்தது. வக்கீல்கள் தெருவுக்கு வந்தார்கள். கடற்படை அதிகாரி தெருவுக்கு வர முடியாது, பேட்டி கொடுக்க முடியாது, சங்கம் வைக்க முடியாது. அவருக்காகப் பேச வேண்டியது வெளியில் இருக்கும் நாம்தான்.

நமக்கென்ன என்று இருக்கவும் முடியாது. இந்தியக் கடற்படைக்கு 1958 வரை வெள்ளைக்காரர்தான் தலைவர். தரைப்படை 1949இலேயே கரியப்பாவைப் பெற்றுவிட்டது. கடற்படை இன்னும் ஒன்பது வருஷம் காத்திருந்தது. 1958 ஏப்ரல் 22 அன்று பொறுப்பேற்ற முதல் இந்தியர் வைஸ் அட்மிரல் ராமதாஸ் கடாரி, நம் செங்கல்பட்டில் பிறந்தவர். இங்கே பக்கத்தில் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கிறது. அரக்கோணத்தில் ராஜாளி, உச்சிப்புளியில் பருந்து. நம் தெருப் பையன்கள் எத்தனையோ பேர் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு எம்.பி. வேட்பாளர் வாசலுக்கு வரும்போது ரோடு, தண்ணீர், ரயில் எல்லாம் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: "ஐயா, கடற்படைத் தளபதியை எந்தச் சட்டப்படி நியமிக்கிறார்கள்?" நிச்சயம் விழிப்பார். விழிக்கட்டும். இரண்டு பக்கச் சட்டத்துக்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவர எந்த எம்.பி.க்கும் உரிமை உண்டு என்பதையும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.